பூனை சிரித்த காட்சி

படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பூனை நாற்காலியில் பலமுறை நெளிந்துவிட்டான். நூலகத்தின் மாடிக்கூடம் அது. சனிக்கிழமை மதியங்களில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை போட்டு, அங்கே பழைய படங்களை ஓட்டுவார்கள். உட்காரக் கொடுத்தது மடக்கு இரும்பு நாற்காலி. கொஞ்சம் அசைந்தாலும் அது கிரீச்சென்று ஊரைக் கூட்டிவிடும். இருப்புக்கொள்ளாத ஆளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

நடந்தால் காலடி கேட்காது என்பதால் அலுவலகத்தில் அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு தனியார் துப்பறியும் நிறுவனம். கொலை, கொள்ளை என்று எதுவும் அங்கே வராது. மாப்பிள்ளை சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, பங்குதாரர் மதியத்தில் எங்கே போகிறார் என்ற அளவில்தான் வரும். அவன் வேலை பின்தொடர்வது. காலையில் தெருவில் இறங்கினால் மாலைவரை நடை. அதுதான் அவனுக்கு மூச்சு.

அந்த மூச்சுதான் இப்போது ஊசலாடிக்கொண்டிருந்தது. இந்த வருடம் இரண்டு முறை மாட்டிக்கொண்டுவிட்டான். இரண்டாவது முறை, அவன் பின்தொடர்ந்த மனிதரே திரும்பி வந்து, "வழி தெரியலையா தம்பி?" என்று அன்பாகக் கேட்டார். செய்தி கேட்ட முதலாளி மேடம் மேசையைத் தட்டவில்லை, கத்தவில்லை. "இன்னொரு தடவை யாராவது உன்னைப் பார்த்துட்டாங்கன்னா, தெரு கிடையாது. ஃபோன் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

இப்போதைய வேலை மூன்று வரிசை முன்னால், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. நரைத்த பின்னல், நேரான முதுகு. பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. வேலையைக் கொடுத்தவர் அவருடைய மகன், மருந்துக்கடைக்காரர். சனிக்கிழமைதோறும் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாக அம்மா வீட்டில் சொல்கிறார். அந்தக் கண் டாக்டரோ மகனின் கடைக்கு அடிக்கடி வருகிறவர். "உங்க அம்மாவைப் பார்த்தே ரொம்ப நாளாச்சே," என்று ஒருநாள் அவர் வாய்தவறிச் சொல்ல, மகனுக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த வாரம் முழுக்கப் பூனை அம்மாவின் பின்னால்தான்.

பதில் கிடைத்துவிட்டது: அம்மா சினிமா பார்க்கிறார். ஆனால் யாரோடு வருகிறார், யாரோடு கிளம்புகிறார் என்பதையும் பார்த்தால்தான் அறிக்கை முழுமையாகும். அதனால் பூனையும் படம் பார்த்தாக வேண்டியிருந்தது.

படம் கறுப்பு வெள்ளை. ஒரு பணக்காரர் தன் மனைவியைப் பின்தொடரச் சொல்லி ஒரு துப்பறிவாளனை அமர்த்துகிறார். தொப்பி, நீளக் கோட்டு, வாயோரம் சிகரெட் என்று நாயகன் வந்ததுமே கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. எல்லோருக்கும் மனப்பாடமான படம் போலிருக்கிறது. இந்தத் திரைப்படச் சங்கத்தை நடத்தும் பல் டாக்டர் ஒவ்வொரு முக்கியமான வசனத்துக்கும் ஒரு நொடி முன்பாகவே உதட்டை அசைத்தார். ஓரத்தில் ஒருவர் அடுத்து நடக்கப்போவதை மனைவியின் காதில் சொல்லி, தொடையில் கிள்ளு வாங்கினார். ஒரு கல்லூரிப் பெண் தோழியின் கையை விடவே இல்லை.

பிறகு அந்தக் காட்சி வந்தது. மழை. தெருவிளக்கு. நாயகி நடக்கிறாள். நாயகன் பின்னாலேயே, அவள் குடையை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நடக்கிறான். அவள் நின்றால் நிற்கிறான். அவள் திரும்பினால், கொட்டும் மழையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைக்கிறான். கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பூனை சிரித்துவிட்டான். வாயைப் பொத்துவதற்குள் வெளியே வந்துவிட்ட சிரிப்பு.

நூறு பேர் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்தால் யார் கண்ணிலும் படமாட்டோம். நூறு பேர் மூச்சைப் பிடித்திருக்கும்போது ஒருவன் மட்டும் சிரிப்பது, இருட்டில் தீக்குச்சி கிழிப்பதுபோல. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நரைத்த பின்னலும் திரும்பியது.

படச்சுருள் மாற்றுவதற்காக விளக்கைப் போட்டார்கள். பல் டாக்டர் எழுந்தேவிட்டார்.

"யாருங்க அது? இந்தப் படத்துலயே உயிரான இடம் அது. அங்க போய்ச் சிரிக்கிறீங்களே!"

மன்னிப்புக் கேட்டு நழுவியிருக்கலாம். ஆனால் பூனைக்கு ஒரு பலவீனம் உண்டு. தன் தொழிலை யாராவது தப்பாகக் காட்டினால் அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

"இல்ல சார், மழைல யாராவது பேப்பர் படிப்பாங்களா? பக்கத்துல போற நாய்கூட நின்னு பார்க்கும்."

சிலர் சிரித்தார்கள். கல்லூரிப் பெண், "அப்ப எப்படித்தான் போகணும்? சொல்லுங்க அண்ணா," என்றாள்.

அவ்வளவுதான். பூனை எழுந்து நடைபாதைக்கு வந்துவிட்டான். "பின்னால போகவே கூடாது. எதிர்ப்பக்கம் போகணும். தெருவுக்கு ரெண்டு ஓரம் இருக்கே, சும்மாவா? மூஞ்சியைப் பார்க்கவும் கூடாது. நாம பார்க்கிறது அவங்களுக்கு எப்படியோ உறைச்சிடும். செருப்பைப் பாருங்க. சட்டையை மாத்திக்கலாம், செருப்பை யாரும் வழியில மாத்த மாட்டாங்க."

"நீங்க போலீஸா?" என்று கிள்ளு வாங்கியவர் கேட்டார்.

"சேச்சே. தெருவுல சுத்துற வேலை."

"கொரியரா?"

"அந்த மாதிரிதான். யாராவது கொஞ்சம் நடங்களேன், காட்டுறேன்."

"நான் நடக்கிறேன்," என்றது ஒரு குரல். நரைத்த பின்னல்.

மறுத்தால் சந்தேகம் வரும். அம்மாவோ கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலி வரிசையைச் சுற்றி நடக்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லை. அவன் கூடத்தின் மறுபக்கமாக, சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்ப்பவன்போல நடந்தான். எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். குடிதண்ணீர்க் குழாயருகே அம்மா சட்டென்று நின்றார். பக்கத்துப் புத்தக அலமாரியின் கண்ணாடியில் பின்னால் வருவது யாரென்று பார்த்தார்.

இந்த இடத்தில்தான் கற்றுக்குட்டிகள் மாட்டுவார்கள். எதிராளி நின்றதும் இவர்களுக்கும் கால் தானாக நின்றுவிடும். பூனை நிற்கவில்லை. அவரைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல், வாசல்வரை போய் அறிவிப்புப் பலகையின் முன் நின்றான். அதன் கண்ணாடியில் அம்மா முழுதாகத் தெரிந்தார்.

கைத்தட்டல். "அட, ஆமால்ல!" என்றார் பல் டாக்டர்.

அம்மா அவன் அருகே வந்தார். முகத்தில் ஒரு புன்னகை. குரல் மட்டும் தணிந்தது.

"புதன்கிழமை துணிக்கடை வாசல்லயும் இப்படித்தான் தம்பி தாண்டிப் போனீங்க. ரொம்ப அழகா இருந்துச்சு."

பூனை பலகையில் ஒட்டியிருந்த நூலக விதிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டில கூட்டம் பிதுங்கும்போது, யார் எந்த நிறுத்தத்துல ஏறினான்னு மூஞ்சியை வச்சே சொல்லுவேன். அந்தப் புத்தி இன்னும் போகல. வாங்க, விளக்கை அணைக்கப் போறாங்க. பக்கத்துலயே உட்காருங்க. இனிமே எதுக்கு மூணு வரிசை?"

படம் ஓடியது. பூனையின் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"என் பையனா அனுப்பினான்?" அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

தொழிலில் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. அவன் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகிவிட்டது.

"நல்ல பையன்தான். அதுதான் கஷ்டமே. சினிமான்னு தெரிஞ்சா திட்ட மாட்டான் தம்பி. கார்ல கொண்டுவந்து விடுவான். மருமகளைத் துணைக்கு உட்கார வைப்பான். அடுத்த மாசம் சுவர் அளவுக்கு டிவி வாங்கி, 'இனிமே அலைய வேண்டாம்மா'ம்பான். எனக்கு அலையணும் தம்பி. வாழ்நாள் முழுக்க ஓடுற வண்டில நின்னவ நான்."

பூனையின் முழங்கால் நின்றது.

அவன் மனது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. நம்மை ஒருவர் பார்த்துவிட்டால், அதோடு வேலை நின்றுவிடும். அறிக்கை கிடையாது, வாங்கிய முன்பணம் திரும்பிப் போய்விடும், வேறு ஆளையும் அனுப்ப மாட்டார்கள். காரணம் எளிது. பார்த்துவிட்டவர் அதன்பிறகு நமக்காக நடிக்கலாம். அதற்கு முன்னாலும் நடித்திருக்கலாம். நாம் கண்டது எது நிஜம், எது நாடகம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை விற்கக் கூடாது என்பார் மேடம்.

ஆக, இரண்டு வழிதான். 'அம்மா சினிமாவுக்குப் போகிறார், தனியாக' என்று எழுதிக்கொடுத்து, மாட்டியதை மறைத்துவிட்டால் தெரு அவனுடையது. இந்த அம்மாவின் சனிக்கிழமை போய்விடும். மாட்டியதைச் சொன்னால் சனிக்கிழமை பிழைக்கும். அவனுக்கு நாற்காலி.

திரையில் நாயகன் பணக்காரரின் முன்னால் நின்றான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "உங்கள் மனைவியை நான் எங்கேயும் பார்க்கவே இல்லை," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தான். கூடம் அதிர்ந்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்தார். அம்மாவும் கைத்தட்டினார். பூனை தட்டவில்லை. அந்தப் பணக்காரர் மறுநாள் காலையிலேயே வேறொருவனை அமர்த்துவார் என்று அவனுக்குத் தெரியும். பொய் ரொம்ப நாள் தாங்காது.

வாசலில் அம்மா அவனிடம் எதையும் கேட்கவில்லை. "வரேன் தம்பி," என்று சொல்லி, எதிர்ப்பக்க நிறுத்தத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

பூனை வேண்டுமென்றே சுற்றுவழியில் அலுவலகத்துக்கு நடந்தான். ஒவ்வொரு சந்தாக நுழைந்து வெளியே வந்தான். வெற்றிலைக் கறைபோலச் சிவந்திருந்த வானம் மங்கும்போதுதான் படியேறினான். மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மருந்துக்கடை வேலை முடிஞ்சுதா?"

"பார்த்துட்டாங்க மேடம்."

"யாரை?"

"என்னை."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "எப்படி?"

"படத்துல ஒருத்தன் தப்பாப் பின்தொடர்ந்தான். சிரிச்சுட்டேன்."

மேடம் வெகுநேரம் அவனையே பார்த்தார். அவர் உதடு துடித்தது கோபத்திலா, வேறு எதிலா என்று தெரியவில்லை. "திங்கட்கிழமை," என்று சொல்லி, ஃபோன் மேசையைக் கண்ணால் காட்டினார்.

திங்கட்கிழமை ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. பூனை அதன் வயர் எட்டும் தூரம்வரை நடந்து திரும்பிக்கொண்டிருந்தான். சுவர், மேசை, சுவர். மதியம் மருந்துக்கடைக்காரர் அழைத்தார்.

"முன்பணம் திரும்பி வந்துடுச்சு. என்னங்க ஆச்சு?"

"எங்க ஆளைப் பார்த்துட்டாங்க சார். இதுக்குமேல எங்களால முடியாது."

"எங்க அம்மாவா? உங்க ஆளையா?" குரலில் நம்பிக்கையின்மை. பிறகு சற்று இறங்கி, "அவங்க நல்லாத்தானே இருக்காங்க? தப்பா ஒண்ணும் இல்லையே? அதை மட்டுமாவது சொல்லுங்க."

பூனை ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கீழே தெரு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ரொம்ப வேகமா நடக்கிறாங்க சார். எங்க ஆளுக்கு மூச்சு வாங்கிடுச்சு."

"வேகமாவா?" என்றார் மகன். "வீட்ல அவங்களைப் படியே ஏற விடுறதில்லையே நாங்க..."