நாபிச்செடிக்கு இருபது நிமிடம்

காலை பதினொரு மணிக்கு என் மனைவி பெரில், நாங்கள் வேலை பார்க்கும் நச்சுச்செடித் தோட்டத்தின் இரும்புக் கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டுத் தலைகளை எண்ணினாள். பதினெட்டுப் பேர், நியூகாசிலிலிருந்து பேருந்தில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். தொடக் கூடாது, முகரக் கூடாது என்று நான் சொல்லி முடித்தேன். கோடைக்கு மூன்று நான்கு பேராவது இங்கே மயங்கிச் சரிவார்கள். அதற்கென்றே ஒரு பெஞ்சு உண்டு. "செடியால இல்லீங்க, இவரு கதையைக் கேட்டுத்தான் விழுறாங்க" என்பது பெரிலின் பத்தொன்பது வருடக் கேலி. அன்றும் சொன்னாள். சிரித்தார்கள்.

நீலப்பூ நாபிச்செடியின் முன் நின்று, காரக்கிழங்கு என்று நினைத்து அதன் வேரைத் துருவிப் பரிமாறி விருந்தாளிகளைக் கொன்ற சமையல்காரியின் கதையை ஆரம்பித்தேன். பெரில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆல்வின், வலது கை மரத்துப்போச்சுப்பா."

காலையில் அந்தச் செடியை அவள்தான் குச்சியில் கட்டினாள்.

"கையுறையைப் போடுன்னா கேக்குறியா? எல்லாத்துலயும் வீம்பு!"

"போட்டுக்கிட்டுத்தான்யா கட்டினேன்."

நான் நம்பவில்லை. நாபிச்செடி பட்டால் மரத்துப்போகும். சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், இருபது நிமிடம் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த விதிகளை எழுதியவனே நான்தான். குழாயடியில் மூன்று முறை கழுவிவிட்டேன். கூட்டத்தைப் பார்த்து, "கடைசியில என் கதை இவளையும் சாச்சிருச்சு" என்றேன். கைதட்டினார்கள். பெரிலும் சிரித்தாள், பாதி வாயால். கேலிக்காரி, வேண்டுமென்றே கோணுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் முடிந்தபோது ஏதோ சொன்னாள். அது சொல்லாக வரவில்லை.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்று மருத்துவமனையில் மருத்துவர் கேட்டார். பதிவேட்டை நீட்டினேன். 11.15 மரத்தல். 11.17, 11.20, 11.24 கழுவியது. 11.45 ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசி. எல்லாம் என் திருத்தமான கையெழுத்தில். பக்கவாதம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் அவர். 11.15-லிருந்து 11.45 வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதிவேட்டை மூடித் தந்தார்.

இப்போது தோட்டக் கதவை வேறொருத்தி பூட்டுகிறாள். காலையில் வேலைக்குப் போகுமுன், பெரிலின் மடங்கிப்போன வலது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கிண்ணத்து வெந்நீரில் கழுவிவிடுவேன்.

"சுடுதா?"

அன்று போன பேச்சு இன்னும் திரும்பவில்லை. இன்று அவளுடைய இடது கை மெல்ல நீண்டு, என் விரல்களுக்குள்ளிருந்த சோப்பை எடுத்துக்கொண்டது. கேட்டேன், தரவில்லை. மறுபடி கழுவவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். நுரை அவள் மணிக்கட்டு வழியே இறங்கி மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.