எவரும் மறுக்கவில்லை

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அருணாதேவிக்குத் தன்னம்பிக்கை வரவழைப்பதென்று கம்பெனி முடிவு செய்தது.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மாடியில் இயங்கும் துப்புரவு ஒப்பந்த நிறுவனம் அது. அவள் ஆபரேஷன்ஸ் மேனேஜர். கிரிவலப் பாதையைக் கூட்டும் அறுபது பெண்கள் அவள் பொறுப்பு. அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கிற கழிப்பறையில் பௌர்ணமியன்று வரிசையில் நின்றால் ஷிப்டே முடிந்துவிடும். அதனால் அந்தப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வார்கள். போன பௌர்ணமியில் அவர்களில் ஆராயி என்பவள் மயங்கி விழுந்தாள். அவர்களுக்கென்று ஒரு நடமாடும் கழிப்பறை வண்டி வேண்டும் என்று மூன்று திங்கட்கிழமைக் கூட்டங்களில் அருணாதேவி சொல்லிவிட்டாள். மூன்று முறையும் மின்விசிறி மட்டும் கேட்டது.

"நீ நல்லா வேல பாக்கறம்மா. வாயத் தொறக்க மாட்டேங்கற, அதான் கொற" என்றார் முதலாளி ராஜேந்திரன். சென்னையிலிருந்து எழில் என்ற பயிற்சியாளரை வரவழைத்தார். 'அமைதியான பெண் தலைவர்களுக்கு அதிரடிப் பேச்சு' என்று பேனர் கட்டினார்கள். அமைதியான பெண் தலைவர் கம்பெனியில் ஒருவர்தான் என்பதால், மற்ற நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். முன்வரிசைக்குச் சால்வை போர்த்தவே அரைமணி நேரமானது.

எழில் மூன்று மணி நேரம் பேசினார். பெண்கள் பேச வேண்டும் என்றார். அறைக்குள் நுழைந்ததும் இடத்தை ஆக்கிரமிக்க வேண்டும் என்றார். அப்போது மேடை முழுக்க அவர்தான் இருந்தார். அருணாதேவி இரண்டு முறை கை தூக்கினாள்.

"கொஸ்டின்ஸ் கடைசில மேடம்!"

கடைசியில் பிரியாணி வந்துவிட்டது.

மறுநாள் ஆராயி கேட்டாள். "இன்னா மேடம் கத்துக் குடுத்தாரு?"

"நெஞ்ச நிமித்திப் பேசணுமாம்."

"நிமித்துனா வண்டி வந்துடுமா?"

"தெரியல ஆராயி."

"அப்ப இந்த தபாவும் தண்ணி கம்மியாதான் குடிக்கணும்" என்று துடைப்பத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அருணாதேவி நெஞ்சை நிமிர்த்தினாள். முதுகு வலித்தது. பௌர்ணமி பேனரில் முதலாளி கும்பிடுவதா, கையசைப்பதா என்ற விவாதம் நாற்பது நிமிடமாக நடந்துகொண்டிருந்தது.

"சார், அடி அண்ணாமலைல நம்ம பொம்பளைங்களுக்கு ஒரு டாய்லெட் வண்டி வேணும்."

முதலாளி பேனர் மாதிரியைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், மலை பின்னாடி வரட்டும். நீங்க முன்னாடி!" என்றான் ஃபீல்டு மேனேஜர் முருகவேல்.

"சூப்பர்யா!" என்றார் ராஜேந்திரன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டியிருந்தது.

கூட்டத்தில் பேசியதைக் குறித்துவைக்கும் மினிட்ஸ் நோட்டு எழுதுவது அவள் வேலை. கையெழுத்து அழகாக இருக்கிறதாம். இத்தனை நாளும் மற்றவர்கள் காதில் விழுந்ததை மட்டுமே எழுதி வந்தாள். அன்றைக்குச் சொல்லப்பட்டதையும் எழுதினாள்: 'பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறை வண்டி. முன்மொழிந்தவர் ஆபரேஷன்ஸ் மேனேஜர். எவரும் மறுக்கவில்லை. ஏற்கப்பட்டது. பொறுப்பு: திரு. முருகவேல்.' மறுக்கவில்லை என்பதில் பொய் இல்லை. முன்வைத்தது எதுவானாலும் மறுப்பில்லை என்றால் ஏற்றதாக எழுதுவதுதான் அங்கே வழக்கம். களத்து ஏற்பாடெல்லாம் முருகவேல் பொறுப்பு என்பதும்தான்.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அங்கே கௌரவக் குறைவு. ராஜேந்திரன் போனில் பேசிக்கொண்டே போட்டார். முருகவேல் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தான். இருந்தது. திருப்தியாகப் போட்டான்.

மறுநாள் முருகவேலிடம் அதே சின்னக் குரலில் கேட்டாள். "சார், அந்த வண்டிக்குச் சொல்லிட்டீங்களா? உங்க பேர்ல தீர்மானம் இருக்கு."

"எந்த வண்டி?"

அவள் நோட்டைத் திறந்து, அவன் கையெழுத்துப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

முருகவேல் வெகுநேரம் பார்த்தான். கூட்டத்தில் காது கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, படிக்காமல் போட்டேன் என்றும் சொல்ல முடியாது. "ஆங்... அதுவா! பேசிட்டேதான் மேடம் இருக்கேன். நாம சொன்னா வராமலா போவும்?"

பௌர்ணமி மதியம் வண்டி வந்தது. வாசலில் ரிப்பன், மேலே பேனர். பேனரில் ராஜேந்திரன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மைக்கில் முருகவேல், இது தன் நெடுநாள் கனவு என்றான். அருணாதேவி இன்று பேசுகிறார் என்றால் பயிற்சிதான் காரணம் என்று ராஜேந்திரன் எழிலுக்கு நன்றி சொன்னார். அவள் அன்றைக்கு வாயே திறந்திருக்கவில்லை. ரிப்பன் வெட்டும் வரை உள்ளே போகக் கூடாதென்று பெண்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

பெண்களின் குரல் பற்றி முருகவேல் இருபதாவது நிமிடத்தைத் தாண்டியபோது, அருணாதேவி வண்டியைச் சுற்றிப் போனாள். பின்பக்கம் இன்னொரு கதவு இருந்தது. திறந்துவிட்டாள்.

ஆராயி முதலில் போனாள். வெளியே வந்தவள் இடுப்பில் செருகியிருந்த பாட்டிலை எடுத்து, பாதிக்கு மேல் ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப ஜாஸ்தியா பேசறாரு மேடம் அந்தாளு" என்றாள்.

அருணாதேவி படிக்கட்டில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. முன்பக்கத்திலிருந்து ராஜேந்திரனின் குரல் வந்தது. "அருணா, எங்கம்மா போயிட்ட? இதெல்லாம் மினிட்ஸ்ல எழுதிக்கோ."

"சரி சார்" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை.