ராகிக்காட்டில் ஒரு வெள்ளை முக்கோணம்

மாதம்மாள் தன் காட்டில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்பு அந்த ஜீப்பைப் பார்த்தேனா, பின்பு பார்த்தேனா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பின்புதான் என்று மனம் சொல்கிறது. எனக்கு வசதியான பதில் அது. அதனாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

போன தை மாதம் எங்கள் மலையூரான செம்மநத்தத்துக்கு மேலே முக்கோண வடிவில் ஒரு விமானம் பறந்தது. கறுப்பு நிறம், வால் கிடையாது, சத்தமும் அதிகமில்லை. சாயங்காலம் நாலரை மணிக்கு, தொடர்ந்து மூன்று நாள். ஒண்டிக்கடை முக்கில் டீ குடிக்க வந்த எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. ராணுவத்தின் ரகசிய விமானம் என்றார் டீக்கடை மணி. அவருடைய மைத்துனர் ராணுவத்தில் சமையல்காரராக இருந்தவர். மேகத்தில் பட்ட கார் விளக்கு என்றார் வனிதா டீச்சர். நல்ல வெயிலில் பறந்த ஒன்றைப் பற்றி அப்படிச் சொல்ல நிறைய படித்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து கேமராவோடு வந்த பாலகுமாருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. வேற்றுக்கிரகவாசிகள் என்று வரும் வழியிலேயே வீடியோவுக்குத் தலைப்பு வைத்துவிட்டிருந்தான்.

நான் நாகலூர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களின் வருகையை எழுதுவது வேலை, மற்ற நேரமெல்லாம் படிப்பு. உலகத்தில் எங்கெங்கே இப்படி முக்கோணங்களைப் பார்த்தார்கள், அவை கடைசியில் என்னவாயின என்று படித்திருக்கிறேன். டீக்கடையில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் போய்ச் சொல்வதை நான் கேவலமாக நினைப்பவன்.

எஸ்டேட் ரோட்டோரம் ஜீப்பை நிறுத்தி, இரண்டு பேர் அந்த முக்கோணத்தைக் கையால் வீசிப் பறக்கவிட்டார்கள். பெரிய தாம்பாளத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

"நெலம் அளக்கறமுங்க," என்றான் ஒருவன் என்னிடம். "இதுல கேமரா இருக்குது. சுண்ணாம்புக் கோடு இருந்தா அதயே எல்லைன்னு எடுத்துக்குவோம்."

செம்மநத்தத்தில் ஒரு சரிவை விடுதி கட்ட வாங்கியவர் அனுப்பிய ஆட்கள். அந்தச் சரிவை ஒட்டித்தான் மாதம்மாளின் ராகிக்காடு. இரண்டுக்கும் நடுவே அவளுடைய கிணறு. எல்லைக்கல் எப்போதோ காணாமல் போயிருந்தது.

அறுப்பு முடிந்த அந்தக் காட்டில்தான் பாலகுமார் கூட்டம் சேர்த்திருந்தான். வருகிறவர்களை வரவேற்க வெள்ளை முக்கோணம் ஒன்று போட வேண்டுமாம். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கூடையில் வைத்துக்கொண்டு மாதம்மாள் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க ரைட்டரு, நீங்க நொம்பப் படிச்சவுக. இது என்னதுங்க? கோடு போடலாமுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கணவன் அங்கப்பன் குறுக்கிட்டான். "அவருகிட்டயா கேக்கற? ரைட்டரு வாயத் தொறக்கறதுக்குள்ள அது வந்து, காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டு ஊட்டுக்கே போயிருமல்லோ!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். அடங்கிய பிறகும் பேசாமல் நின்றேன். இந்த முட்டாள்கள் என்னவோ செய்துகொள்ளட்டும் என்று நினைத்தது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. அப்படியானால் அவள் கேட்டபோதே எனக்குப் பதில் தெரிந்திருக்கிறது. ஜீப்பை முன்புதான் பார்த்திருக்கிறேன்.

அவள் கோடு போட்டாள். அதன் ஒரு பக்கம் கிணற்றுக்கு இப்பால், காட்டுக்குள்ளேயே விழுந்தது; கிணறு கோட்டுக்கு வெளியே போனது. பாலகுமார் சொல்லிக்கொடுத்ததைக் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "இது எங்க காடுங்க. இது நானே போட்ட கோடுங்க." கறுப்பு முக்கோணம் வந்தது, இரண்டு சுற்றுச் சுற்றியது, போனது. கைதட்டினார்கள்.

மாசியில் அந்தக் கோட்டின்மேல் கம்பிவேலி வந்தது. கிணறு அந்தப் பக்கம். தடுக்கப் போனவளிடம் விடுதிக்காரரின் ஆள் போனை நீட்டி, பாலகுமாரின் படத்திலிருந்து அவள் பேசிய அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினான். நிலம் அளந்த ஆள் என்னிடம் சொன்னதை நான் அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

பாலகுமார் இப்போது வேறொரு மலையில் பேய் தேடுகிறான். மணி இன்னும் ராணுவம் என்றே சொல்கிறார். வனிதா டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். கிணற்று வழக்கு நடக்கிறது. சாட்சியாக யாரும் இல்லை. அங்கப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தண்ணீரில்லாத காட்டை விட்டுவிட்டு மாதம்மாள் நாகலூர் எஸ்டேட்டில் கூலிக்கு வருகிறாள். தினமும் காலையில் அவள் பெயரை நான்தான் எழுதுகிறேன். அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.