புயல் எழுதாத தேர்வு

1

இது ஒரு பக்க அறிக்கையாக இருந்திருக்க வேண்டும். நகரமன்றத்தின் கல்விக்குழு என்னிடம் கேட்டது அதைத்தான். நேற்று உட்கார்ந்து, 'பொருள்: விடுமுறைக் கூடத்தைத் தொடர்வது குறித்து' என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. இந்தக் கதை வந்தது. வியாழக்கிழமை கூட்டம். இன்று செவ்வாய்.

என் வேலை எளிது. நகரமன்றப் பள்ளிகளின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றி, அட்டவணை போட்டு, குழுவின் ஏழு உறுப்பினர்களுக்கும் கொடுப்பது. படித்தது இயற்பியல். எண்களோடு இருந்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை என்று நம்பி வந்தவள்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

அன்று வானம் மேகமூட்டத்துடன்

(கூட்ட அறையில் ஜன்னலே கிடையாது.)

குழந்தைகள்தான் நாளைய

(வேண்டாம்.)

அவள் எழுந்து நின்றாள். ஏழு தலைகளும் திரும்பின. கணீரென்ற குரலில் அவள்

கடைசியை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "யாருடி அது, கணீர்?" என்றாள். அடித்துவிட்டேன்.

3

விடுமுறைக் கூடம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீண்ட விடுமுறையில் நான்கு வாரம், காலையிலிருந்து மூன்று மணி வரை, ஒரு பள்ளியின் மூன்று அறைகளும் மைதானமும் திறந்திருக்கும். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். நாடகம், நீச்சல், மரவேலை, மதியச் சாப்பாடு. நடத்துபவர் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே விசில் சார்.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. மதிப்பெண்ணை உயர்த்தாத திட்டம் அடுத்த ஆண்டுக்குப் போகாது. எனவே விடுமுறைக்கு முன்பும் பின்பும் அந்தப் பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்புத் தேர்வு வைத்தார்கள். மொத்தம் 212 பேர். கூடத்துக்கு வந்த 64 பேரை அட்டவணையின் மேலே வைத்தேன். வராதவர்களைக் கீழே.

பிறகு ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் தேர்வில் யார் அதிகம் என்று பார்க்கும் ஆசையில், அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினேன். பெயர்கள் நகரவில்லை. மதிப்பெண்கள் நகர்ந்தன. நல்ல மதிப்பெண்கள் எல்லாம் மேலே ஏறி, கூடத்துக்கு வந்தவர்களின் பெயருக்கு எதிரே சட்டமாக உட்கார்ந்துகொண்டன. அப்படியே சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

[அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: அந்த நெடுவரிசை 98, 97, 97, 96 என்று படிக்கட்டு மாதிரி இறங்கியது. ஏழு உறுப்பினர்களும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை. நல்ல செய்தியை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.]

4

போன வெள்ளிக்கிழமைக் கூட்டம். குழுத் தலைவர் மருந்துக்கடை நடத்துகிறவர். எந்த எண்ணையும் இரண்டு முறை சத்தமாகப் படிப்பார். தொழில் பழக்கம்.

"வரிசை எண் ஒண்ணு. முன்னாடி இருபத்தொண்ணு, பின்னாடி தொண்ணூத்தெட்டு. இருபத்தொண்ணு, தொண்ணூத்தெட்டு! நாலே வாரத்துல!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

வரிசை எண் ஒன்று என் அக்கா மகள். பதிவு தொடங்கிய நாளில் அக்கா முதல் ஆளாக நின்றதால் அந்த இடம். எந்த அறைக்குள்ளும் நடந்து வந்து பழக்கமில்லாததால் அவள் பெயர் புயல். கூடத்தின் கடைசி நாள் நாடகத்தில், மேடை முடிந்த பிறகும் ஓடி, வலது கையை உடைத்துக்கொண்டாள். இரண்டாம் தேர்வு நடந்த அன்று வீட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, இடது கையால் மீன் வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் தேர்வே எழுதவில்லை.

அந்த அறையில் இது இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவர், அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன விசில் சார். தட்டிக்கொண்டிருந்த அவர் கைகள் பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றன. அப்படியே என் பக்கம் திரும்பி, சொல்லிவிடாதே என்பதுபோல் கும்பிட்டார்.

"எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோயிடலாம்," என்றார் தலைவர். "சம்மதிக்கிறவங்க..."

5

இங்கே நிறுத்துகிறேன். இங்கிருந்து நான் எதையும் எழுதலாம்.

முடிவு அ. அவள் பேசவில்லை. கைகள் உயர்கின்றன. அடுத்த விடுமுறையில் எல்லாப் பள்ளியிலும் பிள்ளைகள் நீந்துகிறார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

(இதைத்தான் வேகமாக எழுதினேன். அதுதான் பயமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த அட்டவணைதான் என் முதல் புனைகதை. ஏழு வாசகர்கள், ஏழு பேரும் கைதட்டினார்கள். இந்தக் கதைக்கு அவ்வளவு கிடைக்காது.)

முடிவு ஆ. கணீர். வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

நடந்தது இது. ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: 'அட்டவணை தவறு. தவறு என்னுடையது. வரிசை எண் ஒன்று தேர்வு எழுதவில்லை.' தலைவரிடம் நீட்டினேன். மனதுக்குள் படிப்பார் என்று எதிர்பார்த்தேன். சத்தமாகப் படித்தார். இரண்டு முறை.

"சரியான கணக்கு என்னம்மா?" என்றார் பிறகு.

ஐந்து நிமிடம் கேட்டேன். அடுக்குவதற்கு முன் சேமித்திருந்த பிரதியைத் திறந்தேன். ஏழு பேரும் நான் தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வந்தவங்களுக்கு சராசரியா ஒரு மதிப்பெண் ஏறியிருக்கு," என்றேன். "வராதவங்களுக்கும் ஒண்ணு."

"அப்போ எதுக்கு இந்தக் கூடம்?" என்றார் எதுக்கு ஐயா. (உறுப்பினர். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.)

விசில் சார் எழுந்தார். "ஐயா, சின்ன வயசுல லீவுக்கு என்ன பண்ணுவீங்க?"

"விளையாடுவேன்."

"எதுக்கு?"

ஐயாவே சிரித்துவிட்டார். ஆனால் விதி சிரிக்கவில்லை. தலைவர் வாக்கெடுப்பைத் தள்ளி வைத்தார். "மார்க் ஏறலைன்னாலும் இதை ஏன் நடத்தணும்? வியாழக்கிழமை ஒரு பக்கம் கொண்டு வாம்மா. நீயே படிக்கணும்."

தலையாட்டினேன். 'நீயே' என்ற சொல் வீடு வரைக்கும் கூட வந்தது.

6

"சித்தி, நான் தொண்ணூத்தெட்டாமே!"

"இல்லடி. தப்பு."

"ஒரே ஒரு நாளைக்கு வெச்சுக்கறேன்."

"கூடாது."

"சரி, போகட்டும். அடுத்த லீவுக்குக் கூடம் உண்டா?"

"தெரியல."

"நீதானே எழுதுற? உண்டுன்னு எழுது."

(இவளைக் கதையில் வைக்கலாமா என்று யோசித்தேன். கூட்டங்களில் குழந்தைகளைக் காட்டிக் காரியம் சாதிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் வரிசை எண் ஒன்றே அவள்தான். எடுத்துவிட்டால் கதை இல்லை.)

7

அந்த ஒரு பக்கத்தில் இதுவரை ஐந்து வரி தேறியிருக்கிறது:

'வாசிப்பு மதிப்பெண்ணில் கூடத்தால் வித்தியாசம் எதுவும் இல்லை. மழை கொட்டிய நாளிலும் அறுபத்து நான்கு பேரில் அறுபத்தொரு பேர் வந்தார்கள். வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கை உடைந்தது. கைக்குரியவள் மறுபடியும் வரவேண்டும் என்கிறாள்.'

இது போதுமா? அறிவியல் படித்தவளாகச் சொன்னால், இது எதையும் நிரூபிக்கவில்லை. சித்தியாகச் சொன்னால், அக்கா வேலைக்குப் போகிற அந்த நான்கு வாரமும் புயல் பூட்டிய வீட்டுக்குள் இருப்பாள்.

விசில் சாரின் கணக்குப்படி மூன்று பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. மிச்சம் எதுக்கு ஐயா. அவர் கை எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாதாம். ஒரே வாக்கியத்தில் அந்தக் கையை நான் தூக்கிவிடலாம். தூக்க மாட்டேன். இல்லாததை ஒருவர் பெயருக்கு எதிரே எழுதிய அனுபவம் ஒரு முறை போதும்.

அதனால் அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். முதுகு கொஞ்சம் ஆடும், பரவாயில்லை. எதிரே ஒரு பெண் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குரல் கணீரென்று இல்லை, ஆனால் கேட்கிறது. ஐந்து வரியையும் படித்து முடித்துவிட்டாள்.

தொடரலாம் என்பவர்கள் கையைத் தூக்குங்கள். வீட்டில் யாராவது பார்த்துவிட்டால், சோம்பல் முறிப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம்.