நாடி எழுபது

1

விசாரணைக்கு இன்னும் அறுபத்தாறு மணி நேரம் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை, மாலை நான்கு. திங்கள் காலை பத்து மணிக்கு மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்காருவார்கள். நர்ஸ் இன்பராணி அவர்கள் முன்னால் நிற்பார். வேலை போகும். பதிவேட்டிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டால் வேறு எந்த ஊரிலும் ஊசி பிடிக்க முடியாது.

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. அண்ணன் சென்னய்யா இரண்டு முழுத்தாள் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ஆம்புலன்ஸ் வண்டியில தனியாப் போற நர்ஸுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்னு வரிசையா எழுது. இந்தம்மாவுக்கு அதுல ஒண்ணும் தெரியலன்னு நான் அவுக முன்னால வாசிக்கணும். பி.எஸ்ஸி. படிச்சது எதுக்கு? சும்மாவா?"

போன மாதம் நர்ஸ்மேல் கொடுத்த புகார் மனுவையும் நான்தான் எழுதினேன். அதுவே என் முதல் படைப்பு. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இப்போது பட்டியல் எழுத உட்கார்ந்தால் அது கதையாகப் போகிறது. எரிச்சலாக இருக்கிறது.

2

தொடக்கங்கள்:

'1974ஆம் ஆண்டு ஆவணி மாதம், திருச்சுழிக்குத் தெற்கே வானம்—' வானம் எதற்கு? அடித்துவிட்டேன்.

'நல்ல நர்ஸ் என்பவள்—' எனக்கு எப்படித் தெரியும்?

'மருத்துவமனையின் பெயர்—' வேண்டாம். திருச்சுழிக்கு அப்பால் ஒரு சிறிய மருத்துவமனை. ஒரு டாக்டர், ஒரு வேன். அவ்வளவு போதும்.

கதை சொல்பவளைப் பற்றியும் ஒரு வரி வேண்டுமாம். அருப்புக்கோட்டையில் நெசவு வீடு. விலங்கியல் படித்துவிட்டு வந்து அண்ணனுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலை எண்ணிக் கொடுக்கிறேன். (இரண்டு இழை சேர்ந்தால் ஓர் எண். ஆறு வயதில் விரலுக்குப் பழகியது. தறிக்கு வெளியே இந்த வித்தையால் யாருக்கும் பயனில்லை.)

நடந்தது இது. அண்ணன் மனைவி சௌடம்மாள், என் மதினி, பிரசவத்துக்கு அந்தப் பக்கமுள்ள தாய்வீடு போயிருந்தார். துணைக்கு நான். காலை ஒன்பதுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்து மணிக்கும் ரத்தம் நிற்கவில்லை. டாக்டருக்கு மேசைமேல் இன்னொரு பிரசவம். மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். குழந்தையை ஊரிலேயே விட்டோம். வேனில் முன்னால் டிரைவர் பொன்ராஜ். பின்னால் மதினி, இன்பராணி, நான்.

ஏறும்போதே இன்பராணி சொல்லிவிட்டார்: "ரத்தம் ஏத்த மதுரைக்குத்தான் போயாகணும். ஆனா நாடி நூத்தியிருபதைத் தாண்டினா அவ்வளவு தூரம் தாங்காது. அருப்புக்கோட்டையில டாக்டர்கிட்ட நிப்பாட்டிருவோம். தாண்டலைன்னா நேரா மதுரை."

முந்தைய பஸ்ஸில் போனவர் யாரோ அண்ணனுக்குத் தகவல் சொல்லியிருந்தார். அண்ணன் அருப்புக்கோட்டை ரோட்டில் துண்டை வீசிக்கொண்டு நின்றார். வேன் அவரைத் தாண்டிப் போனது.

மதுரை வாசலில், ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது மதினி இறந்தார்.

'வழியில் நிறுத்தியிருக்கலாமே' என்று அங்கே ஒருவர் சொன்னார். அண்ணன் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறார்.

3

பட்டியல்.

முதலாவது, கை. வேனில் பாட்டில் மாட்டும் கொக்கி உடைந்திருந்தது. இன்பராணி சலைன் பாட்டிலைக் கட்டுத்துணியால் கூரைக் கம்பியில் கட்டினார். பிறகு இரண்டு கையாலும் மதினியின் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தார். கையை எடுத்தால் ரத்தம் பெருகும். கடைசிவரை எடுக்கவில்லை. (அண்ணே, இது அவருக்கு எதிராக வரவில்லை. திருப்பி எழுதுகிறேன்.)

இரண்டாவது, ரோடு. ஜன்னல் பக்கம் திரும்பாமலே "பொன்ராஜண்ணே, பாலம் வருது, மெதுவா" என்றார். பாலம் வந்தது. (இதுவும் எதிராக வரவில்லை.)

மூன்றாவது, பேச்சு. மதினி வீட்டில் கன்னடம்தான் பேசுவார். மயக்கம் வந்தபோது தமிழ் அவர் காதில் ஏறவில்லை. 'கண்ணைத் திற' என்பதை எங்கள் பேச்சில் எப்படிச் சொல்வது என்று இன்பராணி என்னிடம் கேட்டார். தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த நிலையிலும் மதினி ஒருமுறை சிரித்தார்.

நான்காவது, நாடி. நாடி எழுபது இருந்தது.

இந்த வரியை ஐந்து முறை எழுதிவிட்டேன். ஐந்து முறையும் அது தனியாக நிற்கிறது, பக்கத்தில் ஆளே இல்லாததுபோல.

4

சனிக்கிழமை காலை. பஸ் நிலையத்தில் இன்பராணி பாலவனத்தம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். வெள்ளைச் சேலை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"நர்ஸம்மா."

"வாம்மா. அண்ணன் அனுப்பினாகளா?"

"இல்ல. ஒரு பட்டியல்... தனியாப் போற நர்ஸுக்கு என்னென்ன தெரியணும்னு..."

"எனக்கு எதிரா வாசிக்கிறதுக்கு எங்கிட்டயே கேக்க வந்தியா?" சிரித்துவிட்டார். "சரி, எழுதிக்கோ. ஏறுறதுக்கு முந்தி ஒண்ணுக்குப் போயிட்டு வந்திரணும். மதுரை வரைக்கும் எந்திரிக்க முடியாது. எந்தப் புத்தகத்துலயும் இது கிடையாது."

எழுதிக்கொண்டேன்.

"நெசமாவே எழுதுறியே!"

"அப்புறம்?"

"கூட ஏறுற சொந்தக்காரவுகளைப் பாத்த ஒடனே எடை போடணும். யாரு அழுவா, யாரு மயங்கி விழுவா, யாரு கைக்கு உதவுவா." கொஞ்சம் நிறுத்தினார். "அதுல நான் அவசரப்பட்டுட்டேன்."

"நாடி எழுபதுன்னு நீங்க குறிப்புல எழுதினதைப் பத்தி ஆஸ்பத்திரியில கேட்டாங்களா?"

"கேட்டாக. என் எழுத்துதான்னு சொன்னேன். வண்டிக்குள்ள இருக்கிற கையெல்லாம் என் கைதானம்மா. பஸ்ஸு வந்திருச்சு, வாரேன்."

"நர்ஸம்மா, நான்—"

"ஏறுங்கம்மா, படியில நின்னு கதை பேசாதீக!" என்றார் கண்டக்டர்.

இந்தக் கதையில் பாதியில் நின்ற வாக்கியங்கள் நிறைய. இது ஒன்றுதான் வாயில் நின்றது.

5

முடிவுகள்.

அ. இன்பராணியை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிடுகிறார். நான் பரிமாறுகிறேன். இதில் என்னால் பரிமாறும் வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

ஆ. விசாரணைக் குழுவுக்குப் பெயரில்லாத கடிதம் ஒன்று வருகிறது. உண்மை தெரிகிறது. கூச்சக்காரிக்கு வசதியான முடிவு, எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மனுவும் அந்தக் கடிதமும் ஒரே கையெழுத்தில் இருக்கும்.

இ. கதை சொல்பவளுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல். (எழுதியதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை.)

வாசகரே, மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை விடுங்கள் என்று முடிக்கத்தான் நினைத்தேன். நீங்களும் விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

6

(இது திங்கள் மாலை எழுதியது.)

அண்ணன் என் பட்டியலை எழுந்து நின்று வாசித்தார். "ஒன்று. வண்டியில் ஏறுவதற்கு முன்—" நிறுத்தி என்னை முறைத்தார். மேசைக்குப் பின்னால் ஒருவர் இருமினார். அண்ணன் தொடர்ந்தார். கட்டுத்துணி, பாலம், அடிவயிற்றிலிருந்து எடுக்காத கை. வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. நாடி வரிக்கு வருமுன் தாளை மடித்து உட்கார்ந்துவிட்டார்.

நடுவில் இருந்த பெரியவர் மருத்துவக் குறிப்பைத் தூக்கிக் காட்டினார். "சிஸ்டர், வயித்துல இருந்து ரெண்டு கையையும் எடுக்கலைன்னு இவுகளே சொல்றாக. அப்ப நாடியை எந்தக் கையால பாத்தீக?"

இன்பராணி அந்தக் குறிப்பையே பார்த்தார். என் பக்கம் திரும்பவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த மூவரும் என்ன எழுதினார்கள், அண்ணன் என்ன செய்தார், இன்பராணி வேலையில் இருக்கிறாரா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த முடிவு என்னுடையது இல்லை. என்னுடையது, எழுந்து நின்று நான் சொன்னது மட்டும்:

"அய்யா, நாடி பாத்தது நான். நர்ஸம்மா ரெண்டு தடவை எண்ணச் சொன்னாங்க. ரெண்டு தடவையும் இழை எண்ணுற மாதிரி ரெண்டுக்கு ஒண்ணுன்னு எண்ணிட்டேன். நூத்திநாப்பதை எழுபதுன்னு சொன்னேன். அருப்புக்கோட்டைக்கு அப்புறம், காரியாபட்டி தாண்டும்போதே எனக்குத் தெரிஞ்சிருச்சு. அண்ணே, அப்பவும் நான் சொல்லல."