என்னைத் திட்டி ஒரு வீடியோ போடு

பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தபோது பூர்விகா ஹெக்டே கற்றாழை மடல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு எடுத்தாள்.

"மேடம், நீங்க அனுப்பின கண் ஜெல் புது பேட்ச்... இன்னும் விக்கலையே?"

"போன ஞாயித்துக்கிழமைச் சந்தையிலேயே வித்துப்போச்சு. ஏன்?"

"கிருமி வந்திருக்கு மேடம். அதுவும் நல்ல கிருமி இல்ல. வெறும் தோல்ல பட்டா ஒண்ணும் ஆகாம போகலாம். கண்ணுல சின்னக் கீறல், ஆறாத புண்ணு இருந்து அதுக்குள்ள போச்சுன்னா பார்வைக்கே ஆபத்து. எல்லாத்தையும் திரும்ப வாங்கிடுங்க. இன்னிக்கே."

பூர்விகா போனை வைத்தாள். அவள் கண் முன்னால் ஒரே ஒரு முகம்தான் வந்து நின்றது. பெயர் தெரியாத முகம்.

உயரமான பெண். கையில் ஹெல்மெட். போன ஞாயிறு பெங்களூர் ஜெயநகர் சந்தையில் பூர்விகாவின் கடைக்கு வந்து, கண் ஜெல்லை எடுத்து வாசம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எங்கம்மாவுக்கு நாளைக்குக் கண்புரை ஆபரேஷன். அடுத்த ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்குன்னு அம்மாவுக்கு ஒரே கவலை. முந்தின நாள் சாயங்காலம் தடவிவிடலாமா?"

அதற்குப் பூர்விகா சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருந்தாள்.

"தாராளமா தடவுங்க. இதுல கெமிக்கலே கிடையாது. பொறந்த குழந்தைக்குக்கூடத் தடவலாம்."

முந்தின நாள் என்றால் சனிக்கிழமை. இன்று சனிக்கிழமை.

"திம்மய்யா!" என்று கத்தினாள்.

பக்கத்து அறையில் சோப்புக் கட்டிகளை வாழை நாரால் கட்டிக்கொண்டிருந்த திம்மய்யா ஓடி வந்தான். இருவரும் சேர்ந்து சோப்பும் ஜெல்லும் செய்து விற்கும் 'எலெமரே'யின் மறு பாதி அவன். குடகுக்காரன். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, பசவனகுடியில் ஒரு கார் நிறுத்துமிடத்தை வாடகைக்குப் பிடித்து, கல்லூரித் தோழி பூர்விகாவோடு இந்தத் தொழிலை ஆரம்பித்தவன். பிளாஸ்டிக் கிடையாது, அட்டைப் பெட்டி கிடையாது. போன மாதத்திலிருந்து கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவும் கிடையாது. அதைச் சேர்க்காததால் ஜெல் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் சுடச்சுட விற்றுவிடுவார்கள்.

அவள் சொன்னதை அவன் கேட்டான். முகம் வெளுத்தது. ஆனாலும் தலை வேலை செய்தது.

"பழைய பேட்ச்சும் அன்னிக்கு வித்தோமே. எது நல்லது, எது கெட்டதுன்னு அந்தச் சீட்டுல இருக்குமே?"

"சீட்டை அவங்க என்ன பண்ணுவாங்க, மகராசா?"

பேட்ச் எண் அச்சடித்த சீட்டு, விதை பதித்த காகிதம். டப்பாவின் கழுத்தில் நூலால் கட்டியிருக்கும். 'பிரித்து மண்ணில் நடுங்கள், துளசி முளைக்கும்' என்று அதில் எழுதியது அவனேதான். குப்பையே மிஞ்சாத லேபிள் என்று அதற்கு ஒரு விருதுகூட வாங்கியிருந்தார்கள்.

"எல்லா டப்பாவும் கெட்டதுன்னே வச்சுக்கலாம்" என்றாள் பூர்விகா. "போன்ல பணம் அனுப்பினவங்க நம்பரெல்லாம் இருக்கில்ல? ஆளுக்குப் பாதியா கூப்பிடுவோம்."

கூப்பிட்டார்கள்.

"சீட்டா? அப்பவே நட்டுட்டேனே! முளைகூட விட்டிருக்கு, போட்டோ அனுப்பவா?" என்றார் பனசங்கரியிலிருந்து ஒருவர்.

"அது வளரட்டும் மேடம். ஜெல்லைத் தொடாதீங்க."

"ஏன்மா, நல்லா ஜில்லுனு இருக்கே?"

"தொடாதீங்க, ப்ளீஸ். தூக்கிப் போட்டுடுங்க."

"சாக்கடையில போடலாமா? மண்ணுக்குக் கெடுதலா?" என்று கேட்டார் இன்னொருவர். திம்மய்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மத்தியானத்துக்குள் ஏறக்குறைய எல்லாரும் கிடைத்துவிட்டார்கள். ஹெல்மெட் பெண் மட்டும் இல்லை. காரணம் பூர்விகாவுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பெண் பணமே கட்டவில்லை. ஐந்து காலி டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு புது டப்பா இலவசம் என்பது 'எலெமரே'யின் பெருமைக்குரிய ஏற்பாடு. துணிப்பையிலிருந்து ஐந்து டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தாள், ஜெல்லை எடுத்துக்கொண்டு போனாள். பெயரில்லை, எண்ணில்லை. வாடிக்கையாளரின் எண்ணைக் கேட்டு வாங்கித் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அவர்களுடைய கொள்கைதான்.

தெரிந்த கண் மருத்துவமனைகளுக்கெல்லாம் திம்மய்யா போன் போட்டான். "நோயாளி பேரு சொல்லுங்க சார்." பெயர் தெரியாது. "அப்போ நாங்க என்ன சொல்றது சார்?" என்று வைத்துவிட்டார்கள்.

பூர்விகா கேமரா முன் உட்கார்ந்தாள். தலைகூடச் சீவவில்லை. "எங்க கண் ஜெல்ல கிருமி இருக்கு. தப்பு எங்களோடது. யாரும் தடவாதீங்க. ஹெல்மெட்டோட வந்து, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு சொன்ன அக்கா, தயவு செஞ்சு உடனே கூப்பிடுங்க" என்று எண்ணைச் சொல்லி இன்ஸ்டாகிராமில் போட்டாள்.

இதயக் குறிகள் வந்தன. 'என்ன ஒரு நேர்மை!' என்று ஒருவர். 'உங்களைப் போன்ற பிராண்டுதான் நாட்டுக்குத் தேவை' என்று இன்னொருவர். எல்லாரும் ஏற்கெனவே அவர்கள் போன் செய்து பேசியவர்கள்.

"வேற யாரும் பார்க்கலை" என்றான் திம்மய்யா. அவன் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்ததோ என்று பூர்விகாவுக்குத் தோன்றியது. அவனே அதை மறைக்கவும் இல்லை. "பூர்வி, நம்ம பொருளை வாங்கி விக்க மும்பைக் கடைக்காரங்க திங்கக்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வர்றாங்க. நம்மால ஆனதைச் செஞ்சுட்டோம். அந்தம்மா தடவாமலேகூட இருக்கலாம்."

"தடவினா?"

"கண்ணுக்குள்ளயா தடவப் போறாங்க? கீழதானே?"

"உங்கம்மாவுக்குன்னா இப்படிச் சொல்லுவியா?"

திம்மய்யா வெளியே போய் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பூர்விகா போனையே பார்த்தாள். நல்ல செய்தியை யாரும் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. எது பரவும்? சண்டை பரவும். அவமானம் பரவும். ஒருத்தியை ஒருத்தி கிழித்துப்போட்டால் பெங்களூரில் இருக்கிற அத்தனை அபார்ட்மெண்ட் குரூப்புக்கும் ஒரு மணி நேரத்தில் போய்ச்சேரும்.

கிழிப்பதற்கு ஏற்ற ஆள் ஒருத்தி இருந்தாள். இந்துஜா காமத். 'காடுமல்லிகெ' என்ற பெயரில் அதே மாதிரி சோப்பு, ஜெல், எண்ணெய் விற்கிறவள். பூர்விகாவைவிடப் பத்து மடங்கு ரசிகர்கள். அவள் பொருள்களில் பிரிசர்வேட்டிவ் உண்டு, அதை டப்பாவிலேயே போடுவாள். மூன்று மாதம் முன்னால் ஒரு கூட்டத்தில், மேடையிலேயே, "இலைப் படத்தை ஒட்டி விஷத்தை விக்கிறாங்க" என்று அவளைக் குத்திப் பேசியவள் பூர்விகா.

போன் போட்டாள்.

"அடடே, யாரு இது! சுத்த சைவ சோப்பு சாமியாரிணியா?" என்றாள் இந்துஜா. "என்ன, ஆசீர்வாதம் பண்ணக் கூப்பிட்டீங்களா?"

"இந்துஜா, எனக்கு ஒரு உதவி வேணும். என்னைத் திட்டி ஒரு வீடியோ போடு."

"என்னது?"

பூர்விகா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கிருமி, ஆபரேஷன், நிச்சயதார்த்தம், தன் வாயால் சொன்ன 'தாராளமா'. மறுமுனையில் கேலி நின்றுபோயிருந்தது.

"நீ பிரிசர்வேட்டிவை எடுத்துட்டியா? தண்ணி சேர்ந்த ஜெல்லுலயா?"

"எடுத்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? வெயில்ல வச்ச மாவு மாதிரி பொங்குமே, அதுகூடவா தெரியாது!"

"இதை இப்படியே கேமராவுல சொல்லு. இதே கோபத்தோட. என் முகத்தைப் போடு, டப்பாவைப் போடு. ஹெல்மெட் அக்கா விஷயத்தையும் என் நம்பரையும் மட்டும் முதல்லயே சொல்லிடு."

"உன் கடை போயிடும், தெரியும்ல?"

"தெரியும்."

"அழக் கூடாது அப்புறம்."

"நீ சீக்கிரம் போடு இந்துஜா. சாயங்காலம் ஆகிட்டிருக்கு."

இந்துஜா குறை வைக்கவில்லை. எலெமரே டப்பா ஒன்றைக் கையில் தூக்கிப் பிடித்து, "இதைப் பார்த்தா ஓடுங்க!" என்று ஆரம்பித்தாள். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆன ஹெல்மெட் அக்கா, இந்த நம்பருக்கு உடனே கூப்பிடுங்க. மத்தவங்க இந்த வீடியோவைத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க. கெமிக்கலே இல்லைன்னு சொல்றவங்க கிருமிக்கு சத்திரம் கட்டறாங்க" என்று போனது பேச்சு. நடுவில் பூர்விகா மேடையில் பேசிய பழைய காட்சியையும் சேர்த்திருந்தாள்.

தீப்பிடித்தது போல் பரவியது. போன் அலற ஆரம்பித்தது.

"ஏம்மா, வெட்கமா இல்லை? விருது வேற!"

"ஆமா சார், தப்புதான். உங்ககிட்ட கண் ஜெல் இருக்கா?"

"எனக்கு மொட்டைத் தலை, எனக்கெதுக்கு ஜெல்லு! திட்டறதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"திட்டிட்டீங்க. வைக்கிறேன்."

ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தாள். எது அந்தப் பெண்ணுடையது என்று தெரியாதே. திம்மய்யா திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். அவன் போனில் மும்பையிலிருந்து ஒரு செய்தி வந்தது. படித்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"வரலையாம்" என்றான். பிறகு பூர்விகாவின் இன்னொரு போனை எடுத்து, வருகிற வசவுகளில் பாதியைத் தன் காதில் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தான்.

வெயில் எதிர்வீட்டு மாடிக்கு ஏறியபோது அந்தக் குரல் வந்தது.

"ஹெல்மெட்... நான்தான். வைஜயந்தி." மூச்சு வாங்கியது. "நான் ஊருக்கு வெளியே ஒரு புடவைக் கடையில இருக்கேன். அத்தை குரூப்புல வந்துச்சு வீடியோ. அம்மா வீட்டுல தனியா இருக்காங்க. பக்கத்து வீடும் பூட்டியிருக்கு. போன் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால அணைச்சு வச்சிருக்காங்க. காலையில கிளம்பும்போது டப்பாவை நானே மேசை மேல எடுத்து வச்சுட்டு வந்தேங்க! நானே!"

"வீடு எங்க?"

"ராஜாஜிநகர். அட்ரஸ் அனுப்பறேன். இங்க வண்டியெல்லாம் அசையவே மாட்டேங்குது."

"நீங்க வாங்க. நான் மெட்ரோவுல போறேன்."

நேஷனல் காலேஜ் ஸ்டேஷன் படிகளில் பூர்விகா ஏப்ரனோடு ஓடினாள். ரயிலுக்குள் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் தோழியிடம் போனைக் காட்டி, பூர்விகாவையும் பார்த்து, கிசுகிசுத்தாள். பூர்விகா கதவில் ஓடும் ஸ்டேஷன் பெயர்களை மட்டும் பார்த்தாள்.

ராஜாஜிநகர் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள்.

"வர்றேன், வர்றேன். கதவை உடைக்காதே!" கறுப்புக் கண்ணாடியோடு வைஜயந்தியின் அம்மா நாகவேணியம்மா கதவைத் திறந்தார். கன்னம் இரண்டும் பளபளத்தன. மேசையில் டப்பா திறந்து கிடந்தது.

"தடவிட்டீங்களா அம்மா?"

"இப்பத்தான். நீ யாரும்மா? அழகு நிலையத்துலேருந்தா?"

"கண்ணுக்குள்ள போச்சா?"

"ஓரத்துல கொஞ்சம் போச்சு போல. ஜில்லுனு இருந்துச்சு. ஏன், அதிகமா தடவிட்டேனா?"

"கையைக் கண்ணுகிட்ட கொண்டுபோகாதீங்க அம்மா. நாம ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்பவே. இதைச் செஞ்சவ நான்தான். கெட்டுப்போச்சு."

அம்மாள் ஒரு நிமிடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "செஞ்சவளே வந்தியா?" என்றார். பிறகு, "புடவை மாத்தணுமா, இதுவே போதுமா?"

மருத்துவமனையில் டாக்டர் ஷெட்டர் கண்ணைக் கழுவினார், விளக்கைக் காட்டி வெகுநேரம் பார்த்தார், சொட்டு மருந்து எழுதினார். "சீக்கிரம் வந்தீங்க. ராத்திரி முழுக்க இருந்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன். இப்பவும் உறுதி சொல்ல மாட்டேன். காலையில மறுபடியும் பார்க்கணும்."

அதற்குள் வந்துவிட்ட வைஜயந்தி பூர்விகாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் உங்களைத் தெளிவா கேட்டேன்" என்றாள். "ஆபரேஷன்னு சொல்லித்தானே கேட்டேன்?"

"கேட்டீங்க. எனக்குத் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

"இனிமே உங்க பொருளைக் கையால தொட மாட்டேன்."

"தொடாதீங்க."

மறுநாள் காலை மருத்துவமனை நடையில், நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுப் புடவை கட்டி வந்திருந்தவர்களுக்குப் பக்கத்தில், பூர்விகாவும் நின்றிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. உள்ளே டாக்டர் என்ன பார்க்கிறார், ஏன் இவ்வளவு நேரம் என்று கதவையே பார்த்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் ஷெட்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கண்ணு தெளிவா இருக்கு. மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க. மாப்பிள்ளையை நல்லா பார்த்துட்டு வாங்கம்மா" என்றார்.

வைஜயந்தி சுவரில் சாய்ந்து அழுதாள். நாகவேணியம்மா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தபடி பூர்விகாவைத் தாண்டி நடந்தவர், நின்று திரும்பினார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். பூர்விகா தலையாட்டினாள். பொய்தான்.

வாசலுக்கு வந்தபோது இந்துஜா கூப்பிட்டாள்.

"என்னாச்சு?"

"கண்ணு பிழைச்சுது."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று வெளியேறியது. "அப்பாடா. ராத்திரி தூங்கலை நான். சரி, வீடியோவை எடுத்துடறேன். நீயும் ரொம்பத்தான் திட்டு வாங்கிட்டே."

பூர்விகா எதிரே ஓடும் தெருவைப் பார்த்தாள். அன்று ஜெயநகர் சந்தையில் காலி டப்பா கொடுத்து வாங்கியது அந்த ஒருத்தி மட்டும்தானா? யாராவது ஒருவர் பரிசாக வாங்கி வேறு யாருக்காவது கொடுத்திருந்தால்?

"எடுக்காதே" என்றாள். "எங்கயாவது ஒரு அலமாரியில இன்னும் ஒரு டப்பா இருக்கலாம்."

"நிஜமாவா சொல்றே?"

"நிஜமா."

"அப்போ சாயங்காலம் இன்னொண்ணு போடறேன்" என்றாள் இந்துஜா. "நேத்து அவசரத்துல நிறைய திட்டு விட்டுப்போச்சு."