ஊறாத நடுப்பகுதி

"சாப்பிட என்ன எடுத்துட்டுப் போனார்?"

தேடுதல் குழுவின் தலைவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். தொலைந்துபோனவரின் வயது, உயரம், சட்டையின் நிறம் எல்லாம் அப்புறம்தான்.

மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பறையைக் குழுவுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் மோவாயை இடிக்க இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காணாமல் போனவனின் மனைவி. மற்றவள் அவனுடைய அக்கா. குடும்பத்தில் அவளுக்குப் பெயர் 'கிராம்'.

கேள்வியின் காரணத்தைத் தலைவரே விளக்கினார். மற்ற நாட்களில் அவர் லாரி மெக்கானிக். வண்டியில் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரிந்தால், அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று சொல்லிவிடுவாராம். "மனுஷனும் அப்படித்தாம்மா. சமைச்சுச் சாப்பிடறவன்னா காத்து அடிக்காத இடமாத் தேடுவான். தண்ணி வேணும்னா தண்ணி இருக்கற பக்கம் போவான். ரெண்டும் வேண்டாம்னா பாதையை விட மாட்டான்."

தம்பி மனைவி உடனே சொன்னாள். "இறைச்சிக் குச்சிங்க. மெத்து மெத்துன்னு இருக்குமே, அது. பன்னெண்டு. அவருக்குக் கடைவாய்ப் பல்லு புடுங்கி எட்டு நாள்தான் ஆச்சு. இந்தப் பக்கம் இருக்கறதும் ஆடுது. கஷ்டப்பட்டுக் கடிக்கக் கூடாதுன்னு நானே அமுக்கிப் பார்த்து வாங்கினேன். தண்ணி ரெண்டு லிட்டர்."

தலைவர் குறித்துக்கொண்டார். மெதுவானது. கொழுப்பு நிறைய. நடந்துகொண்டே சாப்பிடலாம். தண்ணீர் தேவையில்லை.

"நல்ல சாப்பாடு. கூட ரெண்டு லிட்டர் தண்ணி. அப்ப அவர் முகட்டுப் பாதையை விட்டு இறங்கியிருக்க மாட்டார். போன்ல சிக்னல் கிடைக்கும்னு இன்னும் மேலதான் ஏறியிருப்பார். முகட்டைத்தான் முதல்ல அலசணும்."

திங்கட்கிழமை காலை, மணி எட்டு. கிராம் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தம்பியின் பையில் அந்தக் குச்சிகளில் ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டும் ரப்பர் பேண்டு போட்ட கட்டாக அவள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருந்தன.

பிஸ்கட் தொழிற்சாலையின் தர சோதனை அறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. பிஸ்கட்டில் எவ்வளவு ஈரம் இருந்தால் அது நமுத்துப்போகும், எவ்வளவு குறைந்தால் கடிக்குமுன்னே உடையும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். வீட்டில் உப்புப் போடவும் தராசைத் தேடுவாள். தம்பிதான் அந்தப் பெயரை வைத்தான். "எங்கக்கா கண்ணீர் விட்டாக்கூட எத்தனை கிராம்னு பார்த்துட்டுதான் துடைப்பா" என்பான்.

மூன்று நாள் மலை நடைக்குத் தம்பி தனியாகக் கிளம்புகிறான் என்றதும் அவள் மலையேறுபவர்களுக்கான கடைக்குப் போனாள். அங்கே ஓர் அலமாரி முழுக்க இறைச்சித் தீனி. பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினால் அவளுக்கு நேரம் போவது தெரியாது.

இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை எடுத்துவிட்டால் கிருமி வாழ முடியாது. ஒரு கிலோ இறைச்சி முந்நூற்றைம்பது கிராமாகச் சுருங்கும், சுமை மூன்றில் ஒன்றாகும். ஆனால் கொழுப்பு உலராது. நாளானால் காறிப்போகும். அதனால் உலர்த்துபவர்கள் கொழுப்பைச் சீவி எறிந்துவிட்டு, சதையை மட்டும் உப்பில் போட்டுக் காய வைக்கிறார்கள். குச்சி வேறு வழியில் செய்வது. அதில் கொழுப்பையும் சதையையும் சேர்த்து அரைத்து, உறையில் அடைத்து, புகை காட்டி, பாதி ஈரத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் அது மெத்தென்று இருக்கிறது.

நூறு கிராம் குச்சியில் புரதம் இருபத்திரண்டு கிராம். நூறு கிராம் உலர்ந்த துண்டில் ஐம்பத்தாறு. கிராம் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். பாதிச் சுமையில் அதைவிட அதிகப் புரதம்! இதைக் கணக்குப் போடாமல் தம்பி மனைவி கையால் அமுக்கிப் பார்த்து வாங்கியிருக்கிறாளே என்று சிரிப்பு வந்தது.

அதே அட்டையில், இரண்டு வரி மேலே, சக்தி என்று ஒரு கணக்கு இருந்தது. அதை அவள் வகுக்கவில்லை. மலை ஏறுகிறவனுக்குக் கொழுப்புதான் விறகு. புரதம் செங்கல். உடைந்த சுவரைக் கட்டலாமே தவிர, செங்கலை அடுப்பில் வைத்து எரித்துக் குளிர்காய முடியாது.

"கொஞ்சம் அழுத்தமா இருக்கும்மா" என்றார் கடைக்காரர். "மெல்லிசாச் சீவினதும் இருக்கு."

"அது பைக்குள்ளயே நொறுங்கிப் பொடியாயிடும். கட்டை விரல் கனத்துல இருக்கறதையே குடுங்க."

"அப்ப தண்ணில போட்டு ஊற வெச்சுச் சாப்பிடச் சொல்லுங்க."

"என் தம்பிக்கா? கொட்டைப் பாக்கையே கடவாயில வெச்சு உடைக்கறவன்!"

பல் பிடுங்கியது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. மருத்துவரிடம் கூட்டிப்போனவளே அவள்தான். ஆனாலும் அலமாரி முன்னால் நின்றபோது அவள் மனதில் இருந்தது பத்து வயதுத் தம்பியின் பற்கள். இருபத்தைந்து துண்டுகள் வாங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டில் அவள்தான் பையைக் கட்டினாள். எப்போதும் அவள்தான் கட்டுவாள். அட்டை உறைகளை எல்லாம் பிய்த்து எறிந்தாள். நான்கு பிளாஸ்டிக் பைகளில் ஆறு ஆறு துண்டாகப் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். நான்காவது, எதற்கும் இருக்கட்டும் என்று. மிஞ்சிய ஒரு துண்டும் குச்சிக் கட்டும் அவள் கைப்பைக்குள் போயின. தம்பி திரும்பி வந்ததும் எல்லார் முன்னாலும் நானூறு கிராம் குறைத்த கதையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

தம்பி பையைத் தூக்கிப் பார்த்தான். "கிராமு, ஒரு காத்து அடிச்சா நான் பறந்துடுவேன் போலிருக்கே!"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் திரும்பவில்லை.

திங்கட்கிழமை முழுவதும் அவள் சொல்லவில்லை. இறைச்சி என்றால் இறைச்சிதானே, அதற்கும் தேடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். தலைவர் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று பார்த்தாள். அவர் தனியாக இருக்கவே இல்லை. பொழுது சாய்ந்தபோது இன்னொரு சங்கடம் முளைத்தது. காலையில் சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். இப்போது சொன்னால், ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் தலைவர் முகட்டிலிருந்து இறங்கி வந்தார். உதடு வெடித்திருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை, நாளைக்கு அடுத்த முகடு என்றார். யாரோ தேநீர் கொடுத்தார்கள். ஒரு ரஸ்கை எடுத்து அதில் முக்கி, ஊறும்வரை காத்திருந்தார்.

கிராம் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ரஸ்க் எத்தனை நொடியில் ஊறும் என்று சொல்வது அவளுடைய தொழில். மூன்று, நான்கு, ஐந்து என்று மனம் தானாக எண்ணியது. ஏழாவது நொடியில் அவள் எழுந்து நின்றாள்.

"அவன்கிட்ட குச்சி இல்லை."

"என்னம்மா?"

"நான் மாத்திட்டேன். காய வெச்ச துண்டு. கட்டை விரல் கனம். அந்தப் பல்லை வெச்சுக்கிட்டு அவனால அதைக் கடிக்கவே முடியாது. தண்ணில ஊறப் போட்டுத்தான் ஆகணும். அதுல உப்பு வேற. தின்னத் தின்னத் தாகம் எடுக்கும். ரெண்டு லிட்டர் ரெண்டாம் நாளே தீர்ந்திருக்கும்." மூச்சு வாங்கியது. "அவன் தண்ணியைத் தேடித்தான் போயிருப்பான்."

தலைவர் ரஸ்கை வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்த்தார். பிறகு அவர் விரல் முகட்டுப் பாதையின் மேல் மெதுவாக ஊர்ந்து, ஒரு வளைவில் நின்றது.

"மேலிருந்து ஓடை கண்ணுக்குத் தெரியற இடம் இது ஒண்ணுதான்." குரல் இறங்கிவிட்டது. "இறங்க வழி இருக்கற மாதிரி தெரியும். பாதி தூரம் இருக்கவும் இருக்கும். அப்புறம் இருக்காது."

தம்பி மனைவி கத்தவில்லை. "நேத்து என் பக்கத்துலதானேக்கா உக்காந்திருந்தீங்க?" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பள்ளத்துக்கு மேலிருந்து இறங்க முடியாது. கீழிருந்து ஓடையைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும். ஆறு மணி நேரம். இரண்டு மணிக்குக் கிளம்பியவர்கள் இருட்டியதும் பாறைகளுக்கு நடுவே தங்கிவிட்டு, விடிந்ததும் மீண்டும் நடந்து, புதன்கிழமை காலை ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவன் அங்கேதான் இருந்தான். உயிர் இல்லை.

மதியம் கீழே கொண்டுவந்தார்கள். வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் வரைந்த மலைகள் இருந்தன. ஒவ்வொரு மலைக்கும் பின்னால் ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் வந்து சொன்னார். விழுந்ததில் கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஓடை வரைக்கும் தவழ்ந்திருக்கிறான். கொன்றது குளிர்தான். "எப்பன்னு உறுதியாச் சொல்ல முடியாது. குளிர்ல உடம்பு ஏமாத்தும். அனேகமா திங்கக்கிழமையே போயிருக்கும்."

தலைவர் பொருட்களைக் குட்டி மேசைமேல் வரிசையாக வைத்தார். போன். ஒன்று, இரண்டு என்று எழுதிய காலிப் பைகள். பாதி தீர்ந்த மூன்றாம் பை. பிரிக்காத நான்காம் பை. கடைசியாக, மூடி போட்ட ஒரு ஸ்டீல் குவளை.

"இது கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு. தண்ணியை அங்கேயே கொட்டிட்டேன். உள்ள ஒரு துண்டு கிடக்கு."

கிராம் மூடியைத் திறந்தாள். துண்டு வெளுத்து, உப்பியிருந்தது. விரலால் அழுத்தினாள். அமுங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ஏதோ தடுத்தது. இரண்டாக முறித்துப் பார்த்தாள்.

வெளியே சுற்றிலும் இளஞ்சிவப்பாக, மிருதுவாக ஊறிய சதை. நடுவில், பென்சில் முனை அளவுக்குக் கறுப்பு. காய்ந்தது காய்ந்தபடி.

அவள் கைப்பையில் மிஞ்சிய ஒரு துண்டு இருந்தது அல்லவா? அதை அவள் முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் தங்குமிடத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, குளிரட்டும் என்று சன்னலுக்கு வெளியே வைத்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. காலை ஐந்து மணிக்கு எடுத்து முறித்தபோது நடுவில் கறுப்பே இல்லை. முழுக்க ஊறியிருந்தது. பதினொரு மணி நேரம்.

குவளையில் இருந்தது அத்தனை நேரம் ஊறவில்லை. ஆறரைக்குத் தண்ணீரைக் கொட்டியிருக்கிறார்கள். ஓடைத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது, ஒரு மணி நேரம் தள்ளிக்கொள்ளலாம். அவள் கணக்கை இன்னொரு முறை போட்டாள். அதே விடைதான் வந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அவள் வாயைத் திறந்திருந்தால், அவர்கள் அன்றே பொழுது சாயுமுன் ஓடையருகே இருந்திருப்பார்கள்.

தம்பி மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கிராமின் கையைப் பிடித்தாள். முறித்த துண்டு இருந்த கை அது.

"நேத்து உங்கமேல எனக்கு வயிறு எரிஞ்சதுக்கா. மறைக்க மாட்டேன். ஆனா டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? திங்கக்கிழமையே முடிஞ்சிருக்கு. நீங்க சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது." மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் குச்சியை மாத்தினதுக்கு உங்களை மன்னிக்க எனக்கு நாளாகும். சொல்லாம இருந்ததையாவது விட்டுடுங்க. அதைத் தூக்கிச் சுமக்காதீங்க."

மருத்துவருக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரியாது. அந்தக் கறுப்புப் புள்ளியைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் ஒரே ஒருவர்தான். கையை இறுக்கி மூடிக்கொண்டால் போதும்.

கிராம் கையை விரித்தாள்.

"இங்க பாரு. நடுவுல கறுப்பா இருக்கு, தெரியுதா?"

"என்னக்கா இது?"

"தண்ணி வெளியிலேர்ந்துதான் உள்ள போகும். மேல் பாகம் ஒரு மணி நேரத்துல ஊறிடும். உள்ள போகப் போக மெதுவாயிடும். இந்தக் கனத்துக்கு நடு வரைக்கும் போய்ச் சேரப் பதினொரு மணி நேரம். நான் ஒண்ணு போட்டுப் பார்த்தேன்." குரல் எப்போதும்போலவே நிதானமாக வந்தது. தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் விளக்குவாளே, அதே குரல். ஒரு படியையும் அவள் தாண்டவில்லை. "காலைல ஆறரைக்குத் தண்ணியைக் கொட்டியிருக்காங்க. இது இன்னும் நடுவரைக்கும் ஊறலை. அப்படின்னா இதைத் தண்ணில போட்டது..."

தம்பி மனைவியின் கை மெல்ல விலகியது. அவள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பக்கா?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை. இருட்டினதுக்கு அப்புறம்."